தொடர்ச்சி 46-ஆம் பக்கம்

வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு மேலகரம் வீட்டின் முன்னறையில் நான்கு பேர் இருந்தார்கள். வாசலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் ஓய்வுபெற்ற சுபேதார் சங்கிலிப்பாண்டி, குடையை முழங்கால்களுக்கு நடுவில் துப்பாக்கி மாதிரி நிறுத்திவைத்துக்கொண்டு. சுவரோரக் கட்டிலில் அவருடைய தங்கை மாரித்தாய், மடியில் சுளகும் சுளகில் உரிக்கிற சின்ன உள்ளியுமாக. சாப்பாட்டு மேஜையில், மடிக்கணினிக்கு முன்னால், மருமகள் ஸ்வாதி. நான்காவது ஆள் சுபேதாரின் மனைவி அனுசியா. தையல் மெஷினுக்கு முன்னால் கிடந்த ஸ்டூல் அவளுடைய இடம். ஆனால் ஸ்டூல் காலியாகத்தான் கிடந்தது. விடிந்ததிலிருந்து அவள் ஜன்னலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

மகன் தேவா வீட்டில் இல்லை. சிவகிரி ஸ்டேஷனில் எஸ்.ஐ.யாக இருக்கிறவனை சீசன் பந்தோபஸ்துக்கென்று குற்றாலத்தில் போட்டிருந்தார்கள். மெயினருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. குளிக்க விடாததால் கார்கள் மேலகரம் வரைக்கும் வரிசை கட்டி நின்று ஹாரன் அடித்தன.

தையல் மெஷின் மேல், கத்தரிக்கோலைப் பாரமாக வைத்து, ஒரு தாள் கிடந்தது. அவளை உட்கார விடாமல் அடித்தது அந்தத் தாள்தான்.

‘இப்புத்தகத்தில் உள்ள இருபது பின்னல் மாதிரிகளும் என் சொந்தக் கற்பனையில் உருவானவை. வேறு எந்த நூலிலிருந்தோ பத்திரிகையிலிருந்தோ எடுக்கப்பட்டவை அல்ல என்று உறுதி கூறுகிறேன்.’ கீழே ஒரு புள்ளிக்கோடு. அதற்கும் கீழே அச்சில் அவள் பெயர்.

செவ்வாய்க்கிழமை கோயம்புத்தூர்ப் பதிப்பகத்திலிருந்து வல்லிநாயகம் போனில் பேசியிருந்தார். கையெழுத்துப் போட்ட தாள் திங்கட்கிழமை அவர் மேஜையில் இருந்தாக வேண்டும். இருந்தால் புத்தகம் அச்சுக்குப் போகும். அட்டையில் வரப்போவது, அவள் ‘சாரல்’ என்று பெயர் வைத்த கம்பளி ஸ்வெட்டர். “மத்த பத்தொம்பதும் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா சாரல் இருக்கறதாலதான் இது புஸ்தகம். அது இல்லீன்னா இல்லீங்க,” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

புதன்கிழமை, பேனாவில் மை கசிகிறது என்றாள் அனுசியா. வியாழக்கிழமை, கரிநாள் என்றாள். இன்றைக்கு வெள்ளி.

“ஏட்டி அனுசியா, பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும். அதுக்கு முன்னால போட்டுரு. ஒரு கையெழுத்துக்கு மூணு நாளா?” என்றார் சங்கிலிப்பாண்டி.

“கண்ணாடியக் காணும். தேடிட்டு இருக்கேன்லா.”

“தலையில இருக்கு மைனி,” என்றாள் மாரித்தாய், உள்ளியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அனுசியா கண்ணாடியை எடுத்தாள். முந்தானையால் ஒரு பக்கம் துடைத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மறுபக்கம் துடைத்தாள். சுவர்க்கடிகாரம் பத்தரையைத் தாண்டியது.

“ராகுகாலம் வந்துட்டு,” என்றாள்.

“கார்கில்ல ராகுகாலம் பாத்தா சுட்டோம்?”

“நீ அங்கன சப்ளையில அரிசி மூட்டைதான எண்ணின அண்ணே.”

சங்கிலிப்பாண்டி தங்கையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மனைவியிடம் திரும்பினார். “தென்காசி பெரிய போஸ்ட் ஆபீசுல நாலு மணிக்குப் பை கட்டிருவான். பன்னெண்டுக்கு மேல ஒரு சாக்கும் கெடையாது, பாத்துக்கோ.”

“அத்தை, இங்கன வாங்களேன்,” என்று கூப்பிட்டாள் ஸ்வாதி.

இந்தப் பிள்ளை கூப்பிடுகிற ஒவ்வொரு தடவையும் அனுசியா தயங்கித் தயங்கித்தான் மேஜைப் பக்கம் போனாள். புத்தகத்தின் முன்னுரைக்குப் பழைய படங்கள் நாலைந்து வேண்டும், உரிமைத் தகராறு இல்லாததாகப் பார்த்து எடுங்கள் என்று வல்லிநாயகம் கேட்டிருந்தார். அலுவலக வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிற ஸ்வாதி, வேலைக்கு நடுவில் மூன்று நாளாக அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள்.

திரையில் பழுப்பேறிய ஒரு பக்கம். மூலையில் ஏதோ நூலகத்தின் வட்ட முத்திரை. ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி கழுத்து வரை மூடிய ஸ்வெட்டரில் நாய்க்குட்டியோடு நின்றாள்.

“தொண்ணூறு வருசத்துக்கு முந்தின பின்னல் பத்திரிகை அத்தை. எந்தெந்த ஊரு லைப்ரரியிலயோ சும்மா கெடந்ததை ஒவ்வொரு பக்கமா படம் புடிச்சு நெட்டுல போட்டிருக்காங்க. காசு கெடையாது, நம்மளே எறக்கிக்கலாம். இதுவரைக்கும் நூத்திப் பதினாலு இதழ் எறக்கியாச்சு. இன்னும் இருக்கு.”

பக்கத்தில் நோட்டு விரித்துக் கிடந்தது. ஆண்டு, மாதம், நாடு, எத்தனை பக்கம், யாரும் எடுத்துப் போடலாமா கூடாதா. ஐந்து கட்டம் கிழித்து, ஒவ்வொரு இதழாகப் பதிந்திருந்தாள்.

“பாரு, புளியங்குடிக்காரி புத்தி,” என்றாள் மாரித்தாய். “இவ அப்பா எலுமிச்சம்பழத்த ரகம் பிரிக்கித மாதிரில்லா பிரிக்கா.”

“அழுகினத ஒதுக்கணும்லா சித்தி.”

“வெள்ளைக்காரி போட்ட ஸ்வெட்டர நம்ம ஊர்ல எவ போடுவா? இங்கன வேர்வை தொடைக்கத் துண்டு பத்தல.”

“இவ அல்மோராவுல போட்ட சாரலுக்கு முன்னால இதெல்லாம் நிக்குமா?” சங்கிலிப்பாண்டிக்குத் தொண்டை திறந்துவிட்டது. “தொண்ணூத்தி நாலு. ஜனவரி. யூனிட்டுல பொம்பளையளுக்குப் பின்னல் போட்டி. கர்னலோட வீட்டம்மா இவ ஸ்வெட்டரக் கையில எடுத்துட்டு, இது யாரு டிசைன்னு கேக்காங்க. நான் அட்டென்ஷன்ல நிக்கேன். மேடம், இவளே யோசிச்சது, எங்க ஊர் அருவியப் பாத்து யோசிச்சதுன்னு சொன்னேன். ஐந்தருவிக்கு மேல வானவில் நின்னுட்டு இருக்கும்போது...”

“போன மட்டம் வானவில் இல்லியே,” என்றாள் மாரித்தாய்.

அனுசியா அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அடுப்பில் ஒன்றும் கொதிக்கவில்லை. சும்மா நின்றாள். முப்பது வருடமாக இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். முதலில் அருவி மட்டும் இருந்தது. அப்புறம் அது மெயினருவியாயிற்று. ஐந்தருவியாயிற்று. இப்போது வானவில்லும் வந்துவிட்டது. கதையில் ஒருநாளும் வராத ஒன்றே ஒன்று, ஒற்றைக் காகிதம்.

அப்போது அவருக்குப் போஸ்டிங் இருந்த அல்மோராவில், பஜாரில் கம்பளி நூல் விற்ற கடைக்காரன், நாலு உருண்டையை ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தான். குவாட்டர்ஸுக்கு வந்து பிரித்தால், மேலே பேனாவால் வரைந்த ஒரு குடை. குடைக்குக் கீழே ‘ஏப்ரல் ஷவர்’ என்று தலைப்பு. அதற்கும் கீழே பின்னுகிற முறை, வரிசை வரிசையாக. ஸ்வெட்டரின் படம்கூட அந்தப் பக்கத்தில் இல்லை. பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். பக்கத்து வீட்டு குமாவோன்காரப் பெண்ணைக் கேட்டுக் கேட்டு, எது சீதா என்கிற நேர்ப்பின்னல், எது உல்டா என்கிற மறுபின்னல், எங்கே நூலை முன்னால் கொண்டு வந்து ஓட்டை விட வேண்டும் என்று எழுத்துக் கூட்டிப் படித்துப் போட்டாள். பதினெட்டு வரிசை வந்தது. சாய்ந்த கோடுகளாகச் சின்னச் சின்ன ஓட்டைகள், காற்றில் சரிகிற தூறல் போலவே. பதினெட்டாவது வரிசைக்குக் கீழே பக்கம் முடிந்துவிட்டது. அடைப்புக்குறிக்குள், தொடர்ச்சி 46-ஆம் பக்கம்.

மறுநாள் கடைக்கு ஓடினாள். மிச்சத் தாளெல்லாம் கடலை கட்டிக் கொடுத்துத் தீர்ந்துவிட்டது என்றான்.

மீதியை அவளே போட்டாள். ஐந்து தடவை பிரித்தாள். ஆறாவது தடவை நின்றது. கர்னல் மனைவி கேட்டபோது, அவள் வாயைத் திறப்பதற்குள் இந்த மனுஷன் அருவியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

இப்போது அந்தப் பத்திரிகை எங்கோ ஒரு நூலகத்தில் இருந்து, யாரோ அதைப் படம் பிடித்து, அது இந்தச் சாப்பாட்டு மேஜைக்கு வந்து சேர்ந்துவிடுமோ என்பது அவளுடைய பயம். பயம் மட்டும் என்றால் மருமகளிடம் போதும் நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. நாற்பத்தாறாம் பக்கத்தில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற ஆசை, அந்தப் பயத்துக்குச் சமமாக முப்பது வருடமாக உள்ளே கிடந்து குடைந்தது.

பன்னிரண்டு மணிக்கு சங்கிலிப்பாண்டி கையெழுத்துக் கேட்டு எழுந்து வந்தார். அனுசியா ஒரு தூக்குவாளியை அவர் கையில் கொடுத்தாள். “பிள்ளைக்குச் சோத்தக் கொடுத்துட்டு வந்துருங்க. காலையில இட்லி தின்னுட்டுப் போனவன், தண்ணிக்குள்ள நிக்கான். நீங்க வருததுக்குள்ள போட்டு வைக்கேன்.” மகன் பேரைச் சொன்னால் அவரால் மறுக்க முடியாது. கார் வரிசைக்கு நடுவில் வண்டி போகாது என்று, குடையை விரித்துக்கொண்டு நடந்தே போனார்.

சாப்பிட்டுவிட்டு மாரித்தாய் கட்டிலில் சாய்ந்தாள். ஸ்வாதி, அலுவலகத்தில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். போகிற போக்கில், “உள்ள இருக்கிற வார்த்தையப் போட்டும் தேடலாம் அத்தை. நீங்களும் பாருங்க, நல்ல படமா இருந்தா சொல்லுங்க,” என்றாள்.

அனுசியா மடிக்கணினியின் முன்னால் நின்றாள். உட்காரவில்லை. ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். ஏ, பி, ஆர். ஒரு எழுத்து தப்பிப் போய் அழித்தாள். ‘ஏப்ரல் ஷவர்’ என்று முடிந்ததும், எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று தெரிந்தும் அமுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். மாரித்தாய் புரண்டு படுத்தாள். அனுசியா அமுக்கினாள்.

ஒரே ஒரு வரி வந்தது. 1954, ஏப்ரல் இதழ். அதன் கீழே, இதுவரை பார்த்தவர்கள் பத்தொன்பது பேர்.

பக்கங்கள் மேலிருந்து கீழாக, மழையில் திணறுகிற நெட்டில், துண்டு துண்டாக வந்தன. சமையல் குறிப்பு. சோப்பு விளம்பரம். பதினேழாம் பக்கம்.

அதே குடை. குடைக் கம்பியில் ஒன்று லேசாக வளைந்திருக்கும், அதுவும் அப்படியே. அனுசியா அடுத்து, அடுத்து என்று தள்ளினாள். முப்பது. நாற்பது. நாற்பத்து நாலு. நாற்பத்தேழு.

பின்னால் போனாள். நாற்பத்து நாலு. முன்னால் வந்தாள். நாற்பத்தேழு. இரண்டுக்கும் நடுவில் கத்தரிக்கோலால் வெட்டிய ஓரம் ஒரு விரல் அகலத்துக்குத் தெரிந்தது. எந்தக் காலத்திலோ எந்தச் சீமையிலோ ஒருத்தி, ஸ்வெட்டர் பின்னுவதற்காக அந்தத் தாளை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

“என்னத்தத் தேடுதீங்க அத்தை?”

ஸ்வாதி எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. அனுசியா திரையை மூடியிருக்கலாம். மூடவில்லை. “நாப்பத்தாறு இல்ல,” என்றாள்.

ஸ்வாதி குனிந்து பதினேழாம் பக்கத்துக்குப் போனாள். புத்தகத்துக்காக இருபது மாதிரிகளையும் கணினியில் அடித்துக் கொடுத்தது அவள்தான். முதல் இரண்டு வரிசையைப் படித்ததும் நிமிர்ந்தாள்.

“அத்தை. இது சாரல்.”

“ஆமா.”

“முழுசுமா?”

“பதினெட்டு வரிசை. அதுக்கு மேல எனக்குக் கெடைக்கல. மிச்சம் நான் போட்டது.” கடைக்காரனையும் காகிதத்தையும் கர்னல் மனைவியையும் நாலு வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். முப்பது வருடத்தைச் சொல்லி முடிக்க நாலு வாக்கியம்தான் ஆயிற்று.

ஸ்வாதி கட்டில் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “எழுவது வருசம் ஆயிட்டு. பத்தொம்பது பேரு பாத்திருக்கான், நம்மளச் சேத்து இருவது. எவன் வந்து கேக்கப் போறான்? நான் இத நோட்டுல ஏத்தல. மூடிட்டுக் கையெழுத்தப் போடுங்க.”

“நாப்பத்தாறு இல்லியே பிள்ள.”

“உங்களுக்குப் பயமா, ஆசையா?”

“ரெண்டுந்தான்.”

ஸ்வாதி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரே இதழை இரண்டு நூலகங்கள் படம் பிடித்திருப்பது உண்டு. ஒன்றில் கிழிந்தது இன்னொன்றில் முழுசாகக் கிடக்கும் என்றாள். ஒரு தளத்தை மூடி இன்னொன்றைத் திறந்தாள். பெயரைப் போட்டுத் தேடினாள், இல்லை. ஆண்டைப் போட்டு, மாதத்தைப் போட்டுத் தேடினாள். நடுவில் கரண்ட் போனது. வந்தது. அனுசியா வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போனாள்.

“நிக்கிற எடத்துல நில்லுங்க அத்தை, எனக்குத் தலை சுத்துது. இருக்கு. ஆனா இது இரவல்தான். ஒரு மணி நேரம் படிக்கலாம், பொறவு அதுவே திரும்பப் போயிரும்.”

நாற்பத்தாறாம் பக்கம் வந்தது. அதே தாளின் முன்பக்கத்தில், நாற்பத்தைந்தில், ஸ்வெட்டரின் முழுப்படம்.

அனுசியா பத்தொன்பதாவது வரிசையைப் படித்தாள். இருபதாவதைப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள். பதினெட்டு வரிசை வரைக்கும் சாய்ந்து வந்த தூறல், அதற்கு மேல் நின்றுவிட்டிருந்தது. பத்தொன்பதிலிருந்து கழுத்து வரைக்கும் எல்லாம் சீதா; ஓட்டை இல்லை, சாய்வு இல்லை, துண்டு மாதிரி வெறும் பட்டை.

அவள் போட்டது அப்படி இல்லை. பத்தொன்பதில் அவளுடைய சாய்வு எதிர்ப்பக்கம் திரும்பும். வலமிருந்து வந்த காற்று சட்டென்று இடமிருந்து அடிக்கிற மாதிரி. அங்கிருந்து தோள் வரைக்கும், நாற்பத்து நாலு வரிசை, ஏறிக்கொண்டே போகும்.

“இவ்வளவுதானா?” என்றாள். ஏதோ பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தாள் போலும். தையல் மெஷின் பக்கம் போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அப்போதுதான் உட்கார்ந்தாள்.

“உங்களதுதான் அத்தை நல்லாருக்கு. சத்தியமா. இத ஒண்ணும் நீங்க திருடல.”

“பதினெட்டு வரிசை எனக்குள்ளது இல்ல. இத்தன நாளு மிச்சமாது எனக்குள்ளதா, அதுலயும் இப்பிடியேதான் இருக்கான்னு தெரியாமக் கெடந்தேன். தெரியாததால பேசாம இருந்தேன். இப்போ ரெண்டும் தெரிஞ்சு போச்சே.”

“சொன்னா புஸ்தகம் நின்னு போகும். சாரல் இல்லைன்னா இல்லைன்னு அவரு சொன்னாருல்லா.”

அனுசியா மெஷின் பக்கம் திரும்பினாள். அல்மோராவில் அவள் பாண்டி சாப் வீட்டம்மா. இங்கே சுபேதார் சம்சாரம், எஸ்.ஐ. அம்மா. கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அவள் பெயர் மட்டும் தனியாக அச்சில் வந்தது, அதோ கத்தரிக்கோலுக்கு அடியில் கிடக்கிற அந்தத் தாளில்தான்.

இரண்டரை மணிக்கு சங்கிலிப்பாண்டி முழங்கால் வரை நனைந்து வந்தார். தூக்குவாளியை வைத்துவிட்டு நேராகத் தையல் மெஷினைப் பார்த்தார். புள்ளிக்கோடு வெறுமையாகவே இருந்தது.

“இங்கன உக்காருங்க,” என்றாள் அனுசியா. “ஒண்ணு சொல்லணும்.”

உட்காராமலே கேட்டார். ஸ்வாதி மடிக்கணினியைத் திருப்பிப் பதினேழாம் பக்கத்தைக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கவில்லை, மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பது வருசமா ஊர் பூரா சொல்லிட்டுத் திரியுதேன். அப்போ நான் யாரு? பொய்யனா?”

“நீங்க தெரியாமச் சொன்னீய. தெரிஞ்சும் பேசாம இருந்தவ நான்.”

“அன்னைக்கே சொல்லுததுக்கு என்ன?”

“கர்னல் பொஞ்சாதி முன்னாலயா? நீங்க அட்டென்ஷன்ல நின்னுட்டு இருந்தீய.”

“ராத்திரி வீட்டுல வந்து சொல்லலாம்லா. மறுநாள் சொல்லலாம்லா. இங்கன வந்து வீடு கட்டி, பிள்ளைக்குக் கல்யாணம் முடிச்சு, இத்தன வருசத்துல ஒரு நாளு கெடைக்கலியா ஒனக்கு?”

“ஒவ்வொரு மட்டமும் நீங்க சந்தோசமாச் சொல்லுவீய,” என்றாள் அனுசியா.

அது அவரை இன்னும் மோசமாகத் தைத்துவிட்டது. “பழைய யூனிட் ஆளுக குரூப்புல அட்டைப்படத்தப் போட்டாச்சுட்டி. நூத்தி நாப்பது பேரு. எல்லாவனும் கைதட்டியிருக்கான். அவங்கிட்டல்லாம் என்ன சொல்ல? அருவி இல்ல, கடலை மடிச்ச காயிதம்னா?”

“கடலை மடிச்சது மத்த தாளு. இது நூலு சுத்தினது,” என்றாள் மாரித்தாய். கண் மூடித்தான் கிடந்தாள்.

“நீ சும்மா கெட.” அவர் கத்தரிக்கோலை நகர்த்தித் தாளை எடுத்து அனுசியாவிடம் நீட்டினார். “போடு. போட்டுத் தா. நான் கொண்டு போறேன். இது இந்த நாலு சுவத்துக்குள்ள இருக்கட்டும்.”

அனுசியா தாளை வாங்கிக்கொண்டாள். பேனாவையும் எடுத்தாள். அவர் மூச்சை விட்டார். அவள் ஸ்வாதியின் நோட்டில் பின்பக்கத்திலிருந்து கோடு போட்ட ஒரு தாளைக் கிழித்து, அதில் எழுத ஆரம்பித்தாள். அவர் இரண்டு வரி வரைக்கும் தலைகீழாகப் படித்தார். பிறகு பின்கட்டுக்குப் போய்விட்டார். கதவு அடித்துச் சாத்திய சத்தம் கேட்டது.

கடிதம் இப்படி இருந்தது:

‘மதிப்பிற்குரிய திரு. வல்லிநாயகம் அவர்களுக்கு, வணக்கம். தாங்கள் அனுப்பிய உறுதிமொழித் தாளைக் கையெழுத்து இடாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அதற்குக் காரணம்: சாரல் என்ற மாதிரியில் 1 முதல் 18 வரை உள்ள வரிசைகள் என்னுடையவை அல்ல. 1954 ஏப்ரல் மாதம் வெளியான ஒரு பத்திரிகையின் 17-ஆம் பக்கத்திலிருந்து எடுத்தவை. பத்திரிகையின் பெயரும், அது இருக்கும் இணைய முகவரியும் மறுபக்கத்தில் என் மருமகள் எழுதியிருக்கிறாள். 19 முதல் 62 வரை நான் யோசித்துப் போட்டவை. அந்தப் பத்திரிகையின் 46-ஆம் பக்கத்தோடு ஒப்பிட்டு நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மற்ற பத்தொன்பதும் முழுக்க என்னுடையவை. அருவியைப் பார்த்து யோசித்தேன் என்று முன்னுரையில் இருப்பதை எடுத்துவிடவும். அப்படி நடக்கவில்லை. இதற்கு மேல் புத்தகம் போடுவதும் போடாமல் விடுவதும் தங்கள் முடிவு. இப்படிக்கு, அனுசியா.’

ஒரு தடவை படித்தாள். எதையும் அடிக்கவில்லை.

“மைனி,” என்று எழுந்து உட்கார்ந்தாள் மாரித்தாய். “புஸ்தகம் வராமப் போயிட்டுன்னா?”

“வராது.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன சொல்லச் சொல்லுத மாரி?” அனுசியா கடிதத்தை நாலாக மடித்தாள். “எனக்கு வரணும்னுதான் இருக்கு. ரொம்ப இருக்கு.”

மாரித்தாய் சுளகை நகர்த்தி வைத்தாள். “மழைக்கோட்ட எடுத்துட்டுப் போங்க,” என்றாள்.

மூன்று பத்துக்கு ஸ்வாதி ஸ்கூட்டரை எடுத்தாள். மெயின்ரோட்டில் இறங்கவே முடியவில்லை. குளிக்காமல் திரும்புகிற கார்களும், குளிக்கலாம் என்று வருகிற கார்களும் ஒன்றுக்கொன்று மூக்கை இடித்துக்கொண்டு நின்றன. ஸ்வாதி வண்டியைத் திருப்பி உள்ரோட்டில் விட்டாள். சாரல் முகத்தில் ஊசி ஊசியாகக் குத்தியது. பின்னால் உட்கார்ந்திருந்த அனுசியா, கடிதத்தைப் பிளாஸ்டிக் பையோடு மழைக்கோட்டுக்கு உள்ளே மார்பில் அணைத்துப் பிடித்திருந்தாள். நன்னகரம் பக்கம் ஒரு டிராக்டர் வழியை மறித்து நின்றபோது, “எறங்கி நடந்துருவமா?” என்று கேட்டாள். “மூணு கிலோமீட்டர் அத்தை,” என்றாள் ஸ்வாதி. டிராக்டர் நகர்ந்த பிறகும் அனுசியாவின் கால் தரையை உதைத்துக்கொண்டிருந்தது.

தென்காசித் தபால் நிலையத்துச் சுவரில் மூன்று நாற்பத்தெட்டு. கவுண்டரில் இருந்த ரெபேக்காளுக்கு அனுசியாவைத் தெரியும். தேவாவோடு படித்த பெண்.

“ஸ்பீடு போஸ்ட்டா ஆன்ட்டி? கவரு ஒட்டாம இருக்கே. அந்தா பசை இருக்கு, ஒட்டிட்டுத் தாங்க. சீக்கிரம், பை கட்டப் போறாங்க.”

பசை டப்பாவில் குச்சி கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. அனுசியா அதைத் திருகி எடுத்து உறையின் மடிப்பில் தடவினாள். ஸ்வாதியின் போனில் மாரித்தாயின் குரல்செய்தி வந்து விழுந்தது. ஸ்வாதி காதருகே வைத்துக் கேட்டாள். முகம் மாறியது. அனுசியாவின் காதுக்குக் கொண்டுபோனாள்.

“ஏட்டி ஸ்வாதி, மைனிட்ட சொல்லு. அண்ணன் பின்கட்டுல நின்னுட்டு கோயமுத்தூர்க்காரருக்கு போன் போட்டுப் பேசிட்டு இருக்கு. ரொம்ப நேரமாப் பேசுது. என்ன பேசுதுன்னு எனக்கு மழையில கேக்கல.”

“ஒட்டாதீங்க அத்தை,” என்றாள் ஸ்வாதி. “மாமா என்ன சொன்னாங்கன்னு தெரியாம அனுப்பாதீங்க. அவுக ஒண்ணு சொல்லி, இதுல வேற ஒண்ணு இருந்தா?”

அனுசியா உறையைப் பார்த்தாள். மடிப்பு இன்னும் ஒட்டவில்லை; பசை ஈரமாக மினுங்கியது.

“அவுக சொல்லுதது அவுக பாடு,” என்றாள். “நடந்தது இதுலதான் இருக்கு.”

மடிப்பை மூடி, கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் அழுத்தித் தேய்த்தாள். திரும்பவும் ஒரு தடவை தேய்த்தாள். உறையைக் கவுண்டருக்குள் தள்ளினாள். ரெபேக்காள் பார்கோடு சிட்டையை ஒட்டி, எடை பார்த்து, முத்திரையை ஓங்கிக் குத்தி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் கிடந்த பைக்குள் எறிந்தாள். உள்ளே இருந்தவர் பையின் வாயைச் சுருக்கிக் கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு, வாசலில் நின்ற சிவப்பு வண்டிக்கு நடந்தார்.

அனுசியாவின் கைப்பைக்குள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள். வல்லிநாயகம்.

“எடுங்க அத்தை,” என்றாள் ஸ்வாதி.

அனுசியா போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அது அடித்துக்கொண்டே இருந்தது. சிவப்பு வண்டி கிளம்பி, தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு, தெருமுனையில் திரும்பி மறைந்தது. அதற்குப் பிறகுதான் அவள் போனைக் காதில் வைத்தாள்.